சீனாக்காரனுக்கு எந்த மெனு முதலில்

ஐப்பசி 18, திங்கள்
காலையிலிருந்து வாடைக்காற்று. துணி காயவில்லை. ஆரம்பாக்கம் நண்டு கம்பெனி முதலாளி (இனி மு.) போன். சீனாக்காரர்கள் ஆர்டர் போட இணையத்தில் ஒரு பக்கம், சீன எழுத்தில், இந்த வாரமே செய்து தரணும். முதல் ஆர்டர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வேலை எனக்கு, வீட்டிலிருந்தே. இல்லையென்றால் மெட்ராஸ் ஆளுக்கு. எனக்குப் பழைய இறால் உரிக்கும் ஷெட். அங்கே திரும்பப் போகமாட்டேன், அவ்வளவுதான்.

ஐப்பசி 19, செவ்வாய்
திரையில் சீன எழுத்தெல்லாம் கேள்விக்குறி. அந்தக் கோபத்தில் சோறு குழைந்துவிட்டது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் சேமித்ததும் சரியாக வந்தன. 膏蟹, சினை நண்டு. 肉蟹, ஆண் நண்டு. இரண்டாவது எழுத்து இரண்டிலும் ஒன்றே, அதுதான் நண்டு.
அடுத்த சனியன்: முதல் மெனுவில் தொடுவதைப் பொறுத்து இரண்டாவது மெனு மாறணும். ஆனால் முதல் மெனுவை மாற்றினால் இரண்டாவதில் பழையது போகாமல், புதியது அதன் கீழே ஒட்டிக்கொள்கிறது. முதலில் துடைக்கணும், பிறகு நிரப்பணும். இதற்கே அரைநாள்.
வாங்க: சொட்டு நீலம், தீப்பெட்டி, ரீசார்ஜ்.

ஐப்பசி 20, புதன்
மு.விடம் காட்டினேன். முதல் மெனு: வடக்கூர் பாடு, நம்மூர் பாடு. அதைத் தொட்டால்தான் அடுத்ததில் நண்டு. எங்கள் ஏரியில் பாடு என்றால் வலை போடும் முறைதானே. ஒருநாள் அவர்கள் வலை, மறுநாள் நாங்கள். யார் முறை என்று தெரியாமல் இங்கே யார் நண்டு கேட்பார்கள்?
மு. தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, ஷாங்காய்ல கீறவனுக்கு உங்க ஊரு பாடு இன்னாத்துக்கு? அவனுக்கு சினை நண்டு வோணும், அவ்ளோதான்."
அசிங்கமாகிவிட்டது. சிரிப்பும் வந்தது. எல்லாம் தலைகீழாக மாற்றம். முதலில் வகை, பிறகு எடை, பிறகு நாள். அந்த நாள் யார் பாடு என்பது எனக்கு மட்டும் தெரியும்படி.

ஐப்பசி 22, வெள்ளி
ஆர்டர் வந்துவிட்டது! சினை நண்டு, பெரிய சைஸ், நாளைக்கு. பார்த்தால், நாளை வடக்கூர் பாடு.
வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமைனு மாத்திடு. நம்ம பாட்டுல வந்துடும். உன் கைலதான கீது?"
"மாட்டேன்."
"கட்டனவனுக்கு ஒதவாத கம்ப்யூட்டரு இன்னா கம்ப்யூட்டரு?"
அந்த நாள் மெனுவைத் திறந்து பார்த்தேன். ஆசைதான். எனக்கும் வீட்டில் ஆயிரம் தேவை. மூடிவிட்டேன். வடக்கூரில் கம்பெனிக்கு நண்டு வாங்கிக் கொடுக்கும் அக்காவுக்கு போன்.
"அக்கா, நாளைக்கு உங்க பாட்டு நண்டு சீனாவுக்குப் போவுது. எல்லாம் உசுரோட இருக்கணும். ஒண்ணு செத்தாலும் என் வேல போயிடும்கா."
ராத்திரி வீட்டுக்காரர் கோபத்தில் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.