கீழே போட வேண்டிய தோற்றம்

14 ஜூலை 2025, திங்கள்

மாடி வீட்டுக்காரர் காலையிலேயே கோட்டு மாட்டி, மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினார். இன்று பிரெஞ்சு தேசிய தினம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர், சொல்தா. பென்ஷன் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. படியில் என்னைப் பார்த்து "போன்ழூர்" என்றார். வாடகையை ஏற்றப்போகும் வருஷங்களில் மட்டும் இந்த மரியாதை கிடைக்கும்.

ஆபீஸில் வினோத்குமார் எல்லோர் முன்னாலும் என்னை அங்கிள் என்று கூப்பிட்டான். எனக்கு மேனேஜர் அவன். நான் திருத்திய டிராயிங் அவன் பெயரில் அமெரிக்காவுக்குப் போகிறது.

வீட்டுக்கு வந்தால் முத்தியால்பேட்டை முழுக்க கரண்ட் இல்லை. ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு இனியா டிராயிங் ஷீட் போட்டுக்கொண்டிருந்தாள். பதினொன்றாம் வகுப்பில் என்ஜினியரிங் கிராஃபிக்ஸ் எடுத்திருக்கிறாள். நான் சொல்லி எடுத்ததல்ல. ஷீட்டின் மூலைக் கட்டத்தில் அவள் பெயர், வகுப்பு, அதன் கீழே ஆசிரியர் பெயர். கோபிநாத்.

எந்த கோபிநாத் என்று கேட்டேன்.

"தெரியலப்பா. கண்ணாடி போட்ருப்பாரு. புது சாக்பீஸா இருந்தாலும் பாதியா ஒடச்சிட்டுத்தான் எழுதுவாரு."

அவனேதான்.

15 ஜூலை, செவ்வாய்

காலேஜில் ஒரே வகுப்பு. டிராயிங்கில் நான் முதல் மார்க். அவன் எங்கேயோ நடுவில். சாக்பீஸை உடைக்கும் பழக்கம் அப்போதே உண்டு, செமினாரில் போர்டுக்குப் போனால் உடைப்பான். இந்த ஆசிரியர் வேலைக்கு இருவரும் இன்டர்வியூ போனோம். அவனை எடுத்தார்கள். யாரோ சொல்லி வைத்திருக்க வேண்டும். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. நான் குவைத்துக்குப் போய், வெயிலில் பைப் லைன் டிராயிங் போட்டுத் தலைமுடியைக் கொட்டிவிட்டு வந்தேன். அவன் சாயங்காலம் நாலரைக்கு வீடு போய்ச் சேர்ந்துகொண்டிருந்தான், இத்தனை வருஷமும்.

இப்போது என் பெண்ணுக்கு அவன் கோடு போடச் சொல்லிக் கொடுக்கிறான்.

17 ஜூலை, வியாழன்

அவர்கள் பள்ளியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறான். முதலில் கையால் போட வேண்டும். இந்த மாதக் கடைசியில் ஒரு தேர்வு. அதில் தேறுபவர்களுக்குத்தான் லேபில் கேட், அதாவது கம்ப்யூட்டரில் டிராயிங், படிக்க இடம். கம்ப்யூட்டர்கள் பாதி கெட்டுக் கிடக்கின்றனவாம். தேறாதவர்கள் வேறு பாடத்துக்குப் போய்விட வேண்டும். போடும் ஒவ்வொரு ஷீட்டும் வீட்டுக்கு வந்து, பெற்றோர் கையெழுத்தோடு திரும்ப வேண்டும். தேர்வு ஷீட்டும்கூட.

இனியாவுக்கு அந்த இடம் வேண்டும். லேபில் ஒரு நாள் சும்மா காட்டினார்களாம். சோறு ஆறிப்போவது தெரியாமல் சொன்னாள். நாம் போட்ட வெறும் கோடு கம்ப்யூட்டரில் எழுந்து நிற்கும், அதைச் சுற்றி வந்து பின்பக்கம் பார்க்கலாம், உள்ளே போய்க் கூரையை அண்ணாந்து பார்க்கலாம் என்று. நான் தினமும் செய்கிற வேலை. அவள் சொல்லிக் கேட்க வேறு எதுவோ மாதிரி இருந்தது.

அவள் கோடு நன்றாக இருக்கிறது. பென்சிலை உருட்டிக்கொண்டே இழுக்கிறாள், கோடு தடிக்காமல். அவளிடம் சொல்லவில்லை.

19 ஜூலை, சனி

சண்டை.

ஒரு இரும்புத் துண்டின் படம். முன்னாலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பது ஒன்று, மேலிருந்து பார்த்தால் எப்படி என்பது இன்னொன்று. மேல் தோற்றத்தை முன் தோற்றத்துக்குக் கீழே போட்டிருந்தாள். மேலிருந்து பார்ப்பது மேலேதானே வர வேண்டும் என்றேன். குவைத்தில் அப்படித்தான் போட்டோம், இன்று ஆபீஸிலும் அப்படித்தான்.

"சார் கீழதான் போடச் சொன்னாரு."

"அவனுக்கு என்ன தெரியும்?"

அவன் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள். நான் ரப்பரை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. நானே அழித்தேன். ஷீட் சற்றுக் கிழிந்தது. கீழே போட்டால் ஒரு ஷீட்டிலும் கையெழுத்துப் போட மாட்டேன், பாடத்தையே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னேன்.

என் மனைவி பூர்ணிமா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

20 ஜூலை, ஞாயிறு

புது ஷீட்டில் மேலே போட்டுக் கொண்டுவந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

23 ஜூலை, புதன்

இனியா டியூஷனுக்குப் போயிருந்தாள். அவள் பாடப் புத்தகம் கட்டிலில் கிடந்தது. சும்மா புரட்டினேன். சும்மா என்று ஏன் எழுதுகிறேன், தேடித்தான் புரட்டினேன். இந்திய முறைப்படி மேல் தோற்றம் கீழேதான் வரும். கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. அமெரிக்க முறை வேறு. தேர்வில் இந்திய முறை மட்டும்.

மறந்துபோயிருந்தேன் என்று எழுதலாமா? காலேஜில் இப்படித்தான் நானும் போட்டேன். அந்த முதல் மார்க்கே இப்படிப் போட்டு வாங்கியதுதான். குவைத்தில் போய்த்தான் மாற்றிக்கொண்டேன். சனிக்கிழமை ரப்பரைக் கையில் எடுத்தபோது எங்கேயோ ஒரு மூலையில் தெரிந்துதான் இருந்தது. கோபிநாத் என்ற பெயர் அதை மறைத்துக்கொண்டது.

அவள் வந்ததும் சொல்லிவிட வேண்டும்.

வந்தாள். சாப்பிட்டாள். சொல்லவில்லை. சொன்னால் அவன் சரி என்று ஆகும்.

24 ஜூலை, வியாழன்

நாளை தேர்வு. காலையில் ஷூ மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"மேலதானப்பா?"

நான் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. "ம்" என்றேன்.

ஒரு எழுத்துதான். வாயைக்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

25 ஜூலை, வெள்ளி

ஆபீஸில் எதுவும் ஓடவில்லை. தேர்வு எப்படி என்று கேட்டதற்கு, போட்டேன்ப்பா என்றாள்.

30 ஜூலை, புதன்

பள்ளிக்கு வரச் சொல்லி போன். அரை நாள் லீவு கேட்டேன். "என்ன அங்கிள், பொண்ணு ஏதாவது சேட்டையா?" என்று வினோத்குமார் சிரித்தான்.

கோபிநாத்துக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "வாப்பா நெடுமாறா. இனியா ஒம் பொண்ணுன்னு இப்பத்தான் ரிஜிஸ்தர்ல பாத்தேன்" என்றான். உண்மையிலேயே சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

தேர்வு ஷீட்டை மேசையில் விரித்தான். சுத்தமான வேலை. ஒரு அளவு பிசகவில்லை. மேல் தோற்றம் மேலே. மொத்தமாக அடித்து, தேறவில்லை என்று எழுதியிருந்தான். இனியா என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

முதல் ஷீட்டுகளில் சரியாகப் போட்ட பெண் திடீரென்று எப்படி மாறினாள் என்று அவனுக்குப் புரியவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டுப் பார்த்தானாம். நானே குழம்பிட்டேன் சார் என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து வரவில்லை.

பிறகு என்னைப் பார்த்து, "நீ வெளிநாட்டுலதான இருந்த? வீட்ல ஏதாவது காட்னியா?" என்றான். குத்திக் கேட்டதாகச் சொல்ல முடியாது. சாதாரணமாகத்தான் கேட்டான்.

இல்ல, அவளாத்தான் குழம்பியிருப்பா — நான் சொன்னேன். அவள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன்.

இனியா சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு இந்தப் பாடத்துக்குப் பதில் உடற்கல்வி வகுப்பு. ஸ்கூட்டரில் வரும்போது பின்னால் இருந்து என் தோளைப் பிடிக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

31 ஜூலை, வியாழன்

பூர்ணிமாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அந்த "ம்" உட்பட. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். துணி மடித்துக்கொண்டே பேசினாள்.

"ஒங்களுக்கு எல்லாரும் எதிரியா இருக்கணும். அப்பதான் ஒங்களுக்கு நிம்மதி. இருந்துட்டுப் போங்க, நான் கேக்கல. அவள எதுக்குங்க அதுக்குள்ள இழுத்தீங்க?"

மடித்த சட்டையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

2 ஆகஸ்ட், சனி

இனியா கோடு போடும் டிராஃப்டர் கருவியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பில் அமுதவல்லி என்ற பெண்ணிடம் கொடுக்கப் போகிறாளாம், அவளுடையது ஆடுகிறதாம். வைம்மா, கொடுக்காதே என்றேன். பிறகு சொன்னேன். புத்தகத்தைப் பார்த்தேன், தேர்வுக்கு முன்பே எனக்குத் தெரியும், நீ கேட்டபோதும் தெரியும்.

அவள் ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எனக்கும் தெரியும்ப்பா. புக்ல கட்டம் போட்டுத்தான இருக்கு."

எனக்குப் புரியவில்லை. தெரிந்துமா அப்படிப் போட்டாய் என்று கேட்டேன்.

"கீழ போட்டா நீ சைன் பண்ண மாட்டேன்ன. எழுதிக் குடுத்துடுவேன்ன. மேல போட்டா சார் அடிச்சிடுவாரு. எப்டிப் போட்டாலும் எனக்கு லேப் இல்ல. ஒன்கிட்ட கேட்டுப் பாத்தேன். நீயே கீழன்னு சொல்லிட்டா போதும்னு."

ஸ்குரூவை இறுக்கி முடித்துவிட்டு, "நீ சொல்லல" என்றாள்.

ஷூ மாட்டிக்கொண்டே கேட்டாளே — அது சந்தேகம் கேட்டது என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்திருக்கிறாள். பதினாறு வயசுப் பொண்ணு. ஸ்கூட்டரத் தொடச்சிக்கிட்டு நின்னிருக்கேன் நான். மனுஷனா நான்?

4 ஆகஸ்ட், திங்கள்

காலை மணி அடிக்கும் முன்பே பள்ளிக்குப் போனேன். கோபிநாத் லேபில் மேசைக்கு அடியில் குனிந்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தான். எழுந்து வரும்வரைகூட காத்திருக்க முடியவில்லை. அவன் முதுகைப் பார்த்தே சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் பாதிதான் சொல்லியிருப்பேன். உன் மேல இருந்த எரிச்சல்ல பண்ணிட்டேன் என்றும் சொன்னேன்.

எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டான்.

"எம் மேல ஒனக்கு என்ன எரிச்சல்?"

அந்த இன்டர்வியூவைச் சொன்னேன். அவனுக்கு நினைவு வரச் சற்று நேரம் ஆயிற்று. நீயும் வந்திருந்தியா என்று கேட்டான். இத்தனை வருஷம் நான் சுமந்துகொண்டு திரிந்ததில் அவன் இருந்ததே அவனுக்குத் தெரியவில்லை.

உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தான். தேறியவர்கள் பட்டியல் இன்னும் பிரின்ஸிபாலிடம் போகவில்லை என்றான். வேறு கேள்வி கொடுத்து மறுபடி போட வைக்கலாம். யாருக்கும் சலுகை இல்லை, தப்பிருந்தால் அடித்துவிடுவேன் என்றான். சரி என்றேன். வாசல்வரை வந்தான்.

"புதன்கிழமை அவள மட்டும் அனுப்பு. நீ எதுவும் பாத்துக் குடுக்காத. வீட்ல அவ ஷீட்டத் தொடாத."

அவனிடமிருந்து இதை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். வாங்கிக்கொண்டேன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

தேறிவிட்டாள். பூர்ணிமா சொல்லித்தான் தெரிந்தது.

23 ஆகஸ்ட், சனி

மீன் வாங்கப் போகும்போது இனியாவையும் கூட்டிப்போனேன். லேப் எப்படி என்று கேட்டேன். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு பேர், அமுதவல்லியும் அவளும். மவுஸ் அமுதவல்லி கையில், சொல்வது இவள். நன்றாகத்தான் பேசினாள். மரியாதையாக. கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கூரையை உள்ளிருந்து பார்த்தாயா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் வீடு வந்துவிட்டது.

நேற்று ஆபீஸில் வினோத்குமார் அங்கிள் என்றபோது ஒன்றும் தோன்றவில்லை. அவனுக்கு என் மேல் கோபம் எதுவும் இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

19 செப்டம்பர், வெள்ளி

மாலை வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. இருவரும் காந்தி வீதிக்குத் துணி எடுக்கப் போயிருந்தார்கள். மேசையில் ஒரு பிரிண்ட் கிடந்தது. கேட் லேபின் முதல் ஷீட். திங்கட்கிழமை கொடுக்க வேண்டியது போலிருக்கிறது.

தொடக் கூடாது என்று கோபிநாத் சொல்லியிருக்கிறான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். முன் தோற்றம் மேலே, மேல் தோற்றம் அதற்கு நேர் கீழே. பக்கத்தில் அதே துண்டு எழுந்து நிற்கிறது, மூன்று பக்கமும் தெரிய. பழக்கத்தில் தப்புத் தேடினேன். இல்லை.

மூலைக் கட்டத்தில் அவள் பெயர், வகுப்பு, கோபிநாத் பெயர். அதற்கும் கீழே பெற்றோர் கையெழுத்து. நான் போட வேண்டியிருக்கும் என்று சட்டைப் பையில் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அந்த இடத்தில் பூர்ணிமா ஏற்கெனவே போட்டிருந்தாள்.