ஸாவுக்கும் பாவுக்கும் உள்ள தூரம்

ஏங்க,

நீங்கள் மாடியில் பாட்டு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கூப்பிட்டால் சுருதி கலைந்துவிடும், அதனால்தான் சீட்டு. பாப்பாவுக்குக் காய்ச்சல் குறைந்திருக்கிறது. மூன்று மணிக்கு மருந்து, கஞ்சி அடுப்பின் மேல். நான் கடைக்குப் போகிறேன்.

"நீ பாடி அவ காதைக் கெடுக்காதே" என்று உத்தரவு போட்டீர்களே, இன்றுவரை மீறவில்லை. துணிக்கடையில் வளர்ந்தவள், முழம் தவறமாட்டேன். ஸாவுக்கும் பாவுக்கும் உள்ள தூரம்தான் எனக்குப் பிடிபடாது.

காலையில் பாப்பா "பாடும்மா" என்றாள்.

"அப்பா வந்து சரியாப் பாடுவாருடி."

"அப்பா பாடினா, ஸாவிலேருந்து எங்கே போனேன், சொல்லுன்னு கேப்பாரும்மா. நீ தப்பாவே பாடு."

நான் வாயைத் திறக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பி.கு.: எழுந்ததும் மறுபடி கேட்பாள். கேள்வி கேட்காமல் ஒரு பாட்டுப் பாட வருமா உங்களுக்கு?