செள்ளுப் பிடித்த கூண்டு

அக்கா,

கை நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது. புளி போட்டுத் தேய்த்தேன், சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், மருமகள் வாங்கி வைத்திருக்கிற வாசனை சோப்பையும் பாதி கரைத்தாயிற்று. வேப்பெண்ணெயும் பூண்டும் சேர்ந்த அந்த வீச்சம் நகக்கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால், நீ எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. உன் மேல் எந்நேரமும் இதே வாசம்தானே. "கல்யாண ஊட்டுக்கு வரும்போதாவது கோழி நாத்தம் இல்லாம வாயேன்" என்று நான் சொன்னால், "நீ மட்டும் மல்லிப்பூவா மணக்கறியாக்கும்" என்பாய்.

நீ போன மாசியில் போனாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மகள் வீட்டைப் பூட்டினாள். அவள் இருப்பது மாடி வீடு, கோழிக்கு அங்கே இடம் ஏது. "சித்தி, அம்மா கோழிய நீயே வச்சிக்கோ. கூண்டையும் எடுத்துக்கோ" என்றாள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்து, நடுவில் ஒரு கிளுவை வேலியை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் அடித்துப் பிடித்து வாழ்ந்தோம். உன் கோழிக்கு வேலி தாண்டுவது புதுசா என்ன. கூண்டைத்தான் தூக்க முடியவில்லை. பலாப்பலகைக் கனம்; மகன்தான் இழுத்துக்கொண்டு வந்து என் கொல்லையில் போட்டான்.

ஐப்பசி மழை விட்டதும் ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் ஒரு கோழியும் கூண்டுக்குள் போகமாட்டேன் என்றது. முருங்கை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டன. விரட்டி அடைத்தால் விடிகிற வரைக்கும் கொக் கொக்கென்று ஒரே அனத்தல். அடையில் வைத்திருந்த கருப்புக் கோழி முட்டையை விட்டு எழுந்து வந்துவிட்டது. கொண்டை வெளுத்துச் சுண்ணாம்பாகக் கிடந்தது. கூண்டில் கையை வைத்துப் பார்த்தேன். மிளகாய்த்தூள் மாதிரி பொடிப்பொடியாகச் சிவப்பாக விரலில் ஏறியது. கோழிச்செள்ளு. பகலெல்லாம் பலகைச் சந்தில் ஒளிந்துகொண்டு, இருட்டினதும் கோழி மேல் ஏறி ரத்தம் குடிக்கிற சனியன்.

கோழியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் பேத்தி இப்போதுதான் தவழ்கிறாள். அவள் கழுத்திலும் தொடையிடுக்கிலும் செக்கச்செவேலென்று தடித்துப்போனது. சிதம்பரத்தில் தோல் டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் பிள்ளையைப் பார்த்ததுமே "வீட்ல கோழி இருக்கா?" என்று கேட்டாராம்.

மருமகளுக்குச் சிதம்பரத்தில்தான் தாய்வீடு. அவள் ஒரு வார்த்தை சத்தமாகப் பேசவில்லை. "அத்தை, நான் ஒண்ணும் சொல்லல. புள்ளைக்கு சரியாவட்டும், அங்க இருக்கேன்" என்று பையை எடுத்துக்கொண்டாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தாமல் போகிறவளை என்ன செய்வது?

மகன்தான் கத்தினான். "யம்மா, பொங்கலுக்குள்ள செள்ளு போவணும். இல்லன்னா அத்தனையையும் கறிக்கடைக்காரன் கிட்ட புடிச்சு குடுத்துடுவேன். பொங்கலுக்கு எம் பொண்ணு இந்த ஊட்ல இருக்கணும், சொல்லிட்டேன்."

"போவும். நான் போக்கறேன்" என்றேன். சொல்லிவிட்டேன். சொன்னதற்கு அப்புறம்தான் நினைப்பு வந்தது, இந்த வேலைக்கு நாலு கை வேண்டும் என்று.

ஒருத்தி கோழியைக் கவிழ்த்து, காலையும் இறக்கையையும் ஒரே பிடியாகப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தி இறக்கைக்கு அடியில், கழுத்தில், பின்னால் பஞ்சு மாதிரி இருக்கிற மயிரைப் பிரித்து, பூண்டு போட்டுக் காய்ச்சின வேப்பெண்ணெயைத் தோலில் படுகிற மாதிரி தடவ வேண்டும். மேலோடு தடவினால் கோழி பளபளவென்று ஆகும், செள்ளு அப்படியே இருக்கும். எப்போதும் நீதான் பிடிப்பாய். உன் கையில் கோழி கண்ணை மூடிக்கொள்ளும்.

உன் மகள் கல்யாணத்தில் எனக்கு எடுத்த சேலையை, மடிப்புக்கூடக் கலைக்காமல் உன் கொடியில் போட்டுவிட்டு வந்தேனே, அந்த வருஷம் நினைவிருக்கிறதா? உன் தங்கைக்குப் பட்டு, எனக்குப் பாலியஸ்டர். ஆடியில் நின்றது பேச்சு. நீ அந்தப் பக்கம் தும்மினால் நான் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த மழைக்காலத்தில் ரெண்டு வீட்டுக் கோழிக்கும் செள்ளு விழுந்தது. ஒருநாள் காலையில் ஒரு பெட்டையைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாய். என்னைப் பார்க்கவில்லை. கோழியைப் பார்த்துத்தான் பேசினாய்.

"ஏ கோழி, இந்த ஊட்ல எண்ணெய் காச்சி வச்சிருக்காங்களாம். தடவி வுட ஆள் இருக்கான்னு கேளு."

நான் லேசுப்பட்டவளா. கிண்ணத்தை எடுத்து வந்து உட்கார்ந்தேன்.

"ஏ கோழி, உன் காலை நல்லா புடிச்சிக்க சொல்லு. எங்க மேல பீச்சுனா பரவால்ல, பாலியஸ்டர்தான், தொவைச்சிக்கலாம்."

"பாலியஸ்டரு இப்ப என்னா வெல விக்குதுன்னு கடையில கேட்டுட்டு வந்து பேச சொல்லு."

"அப்படியே பட்டு வெலையும் கேட்டுட்டு வரவான்னு கேளு."

இப்படியே ஒரு கோழி முடிந்து இன்னொரு கோழி. கண்ணுக்குக் கண் பார்க்கவில்லை, கைக்குக் கை இடிக்கிறது. கடைசியில் சேவல் முறை வந்தது. அது உதறின உதறலில் கிண்ணம் கவிழ்ந்து எண்ணெய் மொத்தமும் உன் மடியில். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "சிரிக்காதடி" என்றாய். அது கோழிக்குச் சொன்னதில்லை. அத்தோடு பேச்சு வந்துவிட்டது. அந்தச் சேலையைப் பற்றி அப்புறம் நாம் பேசினதில்லை. மனசில் இருந்தது தீர்ந்ததா என்று கேட்டால், தீரவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான்.

இந்த முறை மகனைக் கூப்பிட்டேன். கடலூர்க் கம்பெனி வேலைக்குப் போகிற அவசரத்தில் கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு வந்து குந்தினான்.

"புடிடா."

"புடிச்சிக்கினுதாம்மா இருக்கேன்."

"அது காலு. ரெக்கைய யாரு புடிப்பா, உன் மாமனாரா?"

கோழி அவன் மூஞ்சியில் ஒரு அடி அடித்துவிட்டுக் கூரையேறிப் போனது. "நான் கடைக்காரனுக்கே போன் போடறேன்" என்றான். "போடு. அவன் வந்து புடிக்கட்டும், நான் தடவறேன்" என்றேன். அவன் வேலைக்குப் போனான்.

அப்புறம் ஒண்டியாகவே செய்தேன். கோழித் தலையைப் பின்பக்கம் பார்க்க வைத்து, இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் தடவினேன். ஒன்று முடிவதற்குள் தோள் இற்றுப்போகும். கோழி கொஞ்சமாகவா இருக்கிறது, நீ வளர்த்தது ஜாஸ்தி. ஒன்றை முடித்துவிட்டு வேலிப்பக்கம் பார்ப்பேன். அடுத்ததை யாரோ பிடித்துக்கொண்டு வருவார்கள் என்று உடம்பு தானாகப் பார்க்கிறது. யாரும் இல்லை. எழுந்துபோய் நானே பிடித்துவர வேண்டும். வயசாகிவிட்டது என்பது எனக்கு அதில்தான் தெரிந்தது.

மாட்டாஸ்பத்திரிக்கும் போனேன். மருந்து கொடுத்தார்கள். தண்ணீரில் கலக்கி, தலை நனையாமல் கோழியை முக்கி எடுக்கச் சொன்னார்கள். அந்த முட்டையைக் கொஞ்ச நாளைக்கு யாரும் தின்ன வேண்டாம் என்றார்கள். செள்ளு போட்ட முட்டை பொரிந்து வரும், அதனால் ஒரு வாரம் விட்டு இன்னொரு தரம் முக்கச் சொன்னார்கள். எல்லாம் செய்தேன். கோழி மேல் ஒரு பூச்சி இல்லை. சந்தோஷமாகக் கூண்டில் அடைத்தேன். ரெண்டே நாளில் மறுபடியும் இறக்கைக்கடியில் சிவப்பு. திரும்பப் போய் நின்றேன். "கூண்டுக்கு என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

கூண்டுக்கு நான் செய்யாததா. கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். சுண்ணாம்பு அடித்தேன். வெயிலில் புரட்டிப் போட்டேன். பலகையும் பலகையும் சேர்கிற இடமெல்லாம் முடி நுழைகிற சந்து. சுண்ணாம்பு வெளியே நின்றது, அதுகள் உள்ளே குடும்பம் நடத்தின.

எனக்குத் தெரியும், அக்கா. உனக்கும் தெரியும். திருவதிகைப் பக்கம் உன் அப்பா கொல்லையில் புயலுக்குச் சாய்ந்த பலாவை அறுத்து, நிலைக்கும் கதவுக்கும் போக மிச்சத்தில் செய்து உனக்கு அனுப்பின கூண்டு. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதே சொன்னார்: "அண்ணி, இத கொளுத்திட்டு கம்பிவலையில ஒண்ணு அடிச்சிக்கலாம்." நீ அவரை ஒரு பார்வை பார்த்தாய். "எங்கப்பன் ஊட்டு பலகைய கொளுத்தறதுக்கு முன்னால என்னைய கொளுத்து" என்றாய். அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. வருஷா வருஷம் நாமும் கோழியைத்தான் தடவிக்கொண்டிருந்தோம். கூண்டைத் தொடவில்லை.

போகியன்று விடிகாலையில் மகனை எழுப்பினேன். "கூண்ட இழுத்துப் போடு" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "பெரியம்மா கூண்டும்மா" என்றான். "தெரியும், இழு." தெருவெல்லாம் பழைய பாயும் துடைப்பமும் எரிந்துகொண்டிருந்தது. பலா லேசில் பற்றவில்லை. மட்டையைச் சொருகி, எண்ணெய்த் துணியைச் சொருகி, கடைசியில் ஒரு மூலையில் பிடித்தது. எதிர்வீட்டுக்காரி வந்து, "நல்ல பலகையாச்சே, என்னாத்துக்கு?" என்றாள். நான் இன்னொரு மட்டையைச் சொருகினேன். நீ சொன்ன வரிசைப்படிதான் நடந்திருக்கிறது, அக்கா. முதலில் நீ, அப்புறம் அது. எரிகிறவரைக்கும் நின்றேன். கால் கடுத்தது. உட்காரத் தோன்றவில்லை.

பொங்கலன்று மருமகள் பிள்ளையோடு வந்தாள். கொல்லைக் கோடியில் புதுசாக அடித்த கம்பிவலைக் கூண்டைப் போய்ப் பார்த்தாள். கரிந்துகிடந்த தரையையும் பார்த்தாள். "அத்தை, கோழி இருக்கட்டும். நீங்க குளிச்சிட்டு, சேலை மாத்திட்டுதான் புள்ளைய தூக்கணும்" என்றாள். இந்த வீட்டில் எனக்கு யாரும் சட்டம் போட்டதில்லை. போய்க் குளித்தேன். ஈரத்தலையோடு வந்து கையை நீட்டினேன். கொடுத்தாள்.

கூண்டுச் சாம்பலை அள்ளிக் கொட்டவில்லை. சாம்பலில் புரண்டால் செள்ளு அண்டாது. கோழிகள் அதில் குழி பறித்துக்கொண்டு, இறக்கையை விரித்துப் புரள்கின்றன. உன் அப்பன் வீட்டுப் பலகையில் புரண்டுவிட்டு எழுந்து உதறுகின்றன. அவை பாட்டுக்கு மேய்கின்றன. சாயங்காலம் அடைக்கிறபோது ஒவ்வொன்றாகக் கக்கத்தில் இடுக்கி, இறக்கையைத் தூக்கி, மயிர் பிரிய ஊதிப் பார்க்கிறேன். தோல் சுத்தமாக இருந்தால் உள்ளே விடுகிறேன். பிறகு அடுத்தது. அலுப்பாகத்தான் இருக்கிறது. ஒன்றைக்கூடப் பார்க்காமல் விடுவதில்லை.