விசில் வராத குக்கர்

மாப்ளே,

குக்கரில் அரிசியும் தண்ணீரும் வைத்திருக்கிறேன். பசித்தால் அடுப்பைப் பற்றவை. நேற்றிரவு நான் பற்றவைக்காமலே விசிலுக்குக் காத்திருந்தேன்; நீயும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். வெகுநேரம் கழித்து, "அத்தான், அடுப்பு எரியவே இல்லையே!" என்றாய். வாரக்கணக்கில் வாய் திறக்காதவன்! இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். உன் அக்கா இறந்தபின் இந்த வீட்டில் முதல் சிரிப்பு. எனக்கு இன்னும் நிற்கவில்லை. சட்டையைக்கூடத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மாலையில் மனநல ஆலோசகர் வருவார். பகலில் நீ தனியாக இருக்கலாமா, பராமரிப்பு விடுதியில் சேர்க்க வேண்டுமா என்று இன்று சொல்லிவிடுவார். நான் வேலையில் இருப்பேன்; கதவை நீயே திற. நீ பேசாமல் கிடப்பதும் பாதியில் மறப்பதும் சோம்பல் இல்லை, தொடங்கும் மனநோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று எனக்குப் புரியவைத்தவரே அவர்தான். பயப்படாதே. அடுப்புக் கதையைச் சொல்.

குளிக்கச் சொல்லி நேற்றுக் காலை கத்தியது கத்தியதுதான், வாபஸ் இல்லை. குளி.

அத்தான்

பி.கு: அரிசி போட்டேனா என்று இப்போது சந்தேகம். மூடியைத் திறந்து பார்.

இன்னொன்று: நம் இருவருக்கும் சேர்த்து ஒரு மூளைதான் தேறும். அதைப் பிரிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்.