அந்தப் பாட்டில் வருகிற ‘நீ’

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, எனக்கு மட்டும் வயிறு எரிகிறது, அது மருந்துக்குத் தீருகிற எரிச்சல் இல்லை. உன் இருமல் நின்றதா என்று எழுது. விஷயம் உன் அம்மாவைப் பற்றியது. சைக்கிள் கடை மாடியில் ஒரு சின்னக் கூடம் இருக்கிறதே, அங்கே சனிக்கிழமைதோறும் பாட்டு நிகழ்ச்சி நடத்தப் போகிறார்கள். சினிமாப் பாட்டே கூடாதாம், அவரவர் எழுதி அவரவர் மெட்டுப் போட்டதுதானாம். இந்த வாரம் தபால்காரரும் அவர் தம்பியும், அடுத்த வாரம் இரண்டு நர்ஸுகள், அதற்கடுத்த வாரம் உன் அம்மா. ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற நேரம் போக எப்போது பாட்டுக் கட்டினாளோ, எனக்கே தெரியாது. போஸ்டரில் அவள் படம், பக்கத்தில் அவள் பாட்டுக்கு வாசிக்கிற கிட்டார் வாத்தியார் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். காய்கறி வாங்கப் போனால்கூடப் பாட்டுக்காரம்மா வீட்டுக்காரரா என்று கேட்கிறார்கள். இந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு ஒயரிங் செய்தவன் நான், என் பெயர் காற்றோடு போயிற்று. வாத்தியார் வேறு தினமும் சாயந்திரம் ஒத்திகைக்கு வந்துவிடுகிறார். அவருக்குச் சூடாகக் காபி, எனக்கு ஆறிப்போனது.

போன புதன்கிழமை கூடத்தில் விளக்கு எரியவில்லை என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஏணிமேல் நின்று ஹோல்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன், கீழே வாத்தியாரோடு ஒத்திகைக்கு வந்த உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, நீ வருவாய் என்று கதவைத் தாழ் போடவில்லை எனப் பாடுகிறாள். என் கையிலிருந்த ஸ்க்ரூ நழுவி வாத்தியார் தலையில் விழுந்தது, வேண்டுமென்று போடவில்லை. நீயே யோசித்துப் பார், கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை ‘நீங்க’ என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை, கோபத்தில்கூட ‘போங்க’தான். அப்படியானால் இந்த ‘நீ’ யார்? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு தாங்காமல் கேட்டே விட்டேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாம பெத்த பொண்ணை வேற எப்படிக் கூப்பிடறதாம் என்றாள். அந்த ‘நீ’ நீதானாம். பாதியில் அறுந்துபோகிற போன் பேச்சு, நீ விட்டுப்போன பழைய செருப்பு, எல்லாப் பாட்டும் உன்னைப் பற்றியதுதானாம். வாத்தியார்மேல் இருந்த பொறாமை அப்படியே இறங்கி உன்மேல் ஏறிக்கொண்டது. பெற்ற பெண்மேல் அப்பனுக்குப் பொறாமையா என்று சிரிப்பாய், சிரி. எனக்கென்று ஒரு பாட்டும் இல்லையா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “பக்கத்துலயே இருக்கறவங்களுக்குப் பாட்டு எதுக்குங்க, தூரத்துல இருக்கறவங்களுக்குத்தான் பாட்டு” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவள் பாடுகிற சனிக்கிழமை நீ வேலைக்கு லீவு போட்டாவது போனில் கேள், சைக்கிள் கடைக்காரர் வீடியோவில் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். நீ கேட்காவிட்டால் அவள் முகம் வாடிவிடும், அதை என்னால் பார்க்க முடியாது. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு, பொறாமைக்காரன் வாழ்த்தும் பலிக்கும். மறக்காமல் ஒன்று எழுது, உன் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறதா? நிகழ்ச்சி முடிந்த மறுநாளே கிளம்பி வந்து ஒரு மாதம் உன்னோடு இருக்கலாம் என்று பார்க்கிறேன். தூரமாகப் போனால் எனக்கும் ஒரு பாட்டு வருகிறதா என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
பக்கத்திலேயே இருந்து கெட்டுப்போன
உன் அப்பா