ஊதா வெளுக்கும் அரை மணி

இன்று காலை உன் புட்டியைத் திறந்தேன். மூடியைத் திருகியதும் இறால் ஓட்டுப் பொடியின் வாடை குப்பென்று வந்தது. கீழப்பாவூரில் கோயிலை ஒட்டிய சைவ வீட்டில் வளர்ந்த எனக்கு ஒரு காலத்தில் குமட்டலை வரவழைத்த வாடை. இன்றும் சட்டென்று மூடினேன். இருக்கிற வாடையும் போய்விடக் கூடாதே என்றுதான்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையில் எதிர்க்கட்சியாக உட்கார்ந்தவர்கள் நாம். செரிக்காமல் போகும் நாரை வெறும் சக்கை என்று தள்ளுகிறார்களே, உடம்பைத் துருப்பிடிக்க விடாமல் காக்கும் குணம் அதற்கும் உண்டா என்பது நம் கேள்வி. செடியின் நார் என் பக்கம். குற்றாலத்துப் பழக்கடைகளில் சொல்லிவைத்து மங்குஸ்தான் தோல் வாங்கி வருவேன். பிராணியின் நார் உன் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உங்கள் வீட்டில் வைக்கும் இறால் குழம்பின் ஓடு, திங்கட்கிழமை நம் மேசைக்கு வந்துவிடும். அமிலத்திலும் காரத்திலும் ஊறவைத்து அதை வெள்ளைப் பொடியாக்குவாய். ஓட்டிலும் நார் இருக்கிறது என்று என் அம்மாவிடம் நீ மூச்சுவிடாமல் விளக்கியது நினைவிருக்கிறதா? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நார் வாழையில்தான் இருக்கும் என்று சொல்லி உனக்கு இன்னொரு காபி கொடுத்தாள்.

மங்குஸ்தான் சாரல் காலத்தில்தான் நிறையக் கிடைக்கும். சாரல் காலத்தில் எதுவும் காயாது. இது தெரிந்தும் ஒவ்வொரு வருஷமும் மேலகரத்தில் உன் வீட்டு மாடியில் மங்குஸ்தான் தோலையும் இறால் ஓட்டையும் முறங்களில் பரப்பினோம். தூறல் விழுந்ததும் இருவரும் ஓடுவோம். என் முறத்தை நீ தூக்குவாய். உன் முறத்தை நான் தொடமாட்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டு அதற்குக் குடை பிடிப்பேன். அந்தக் கோலத்தைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே இன்னும் கொஞ்சம் நனையலாம்.

சோதனை எளிதுதான். ஊதா நிறக் கரைசலில் பொடியின் சாற்றைக் கலந்து இருட்டு அலமாரியில் அரை மணி வைக்க வேண்டும். குணம் இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். என்னுடையது மஞ்சளாகிவிடும். உன்னுடையது லேசாக வெளுத்து அப்படியே நிற்கும். வெளிச்சம் பட்டால் கரைசல் தானாகவே வெளுத்து அளவு கெடும் என்று உனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பாதியிலேயே கதவைத் திறப்பாய்.

"இப்ப மாறிருக்கும்ட்டி. ஒரு பார்வை பாத்துக்கிடுதேன்."

நான் திட்டுவேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம்.

நோயில் படுக்குமுன் நீ கடைசியாகச் செய்தது இந்தப் புட்டிப் பொடி. காரத்தில் கூடுதல் நேரம் ஊறவைத்தது; இது கட்டாயம் வெளுக்கும் என்று நம்பினாய். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "எனக்காண்டி பொய் சொல்லாத. வெளுக்கலன்னா வெளுக்கலன்னு சொல்லு."

சொல்வதற்குள் நீ போய்விட்டாய். அதன் பிறகு புட்டியைத் தொட மனம் வரவில்லை. முடிவு தெரிந்துவிட்டால் நமக்குள் மிச்சமிருந்த ஒரே பேச்சும் முடிந்துவிடும்.

நேற்று சாரல் ஆரம்பித்தது. இன்று துணிந்து கலக்கி அலமாரியில் வைத்துவிட்டு, மூடிய கதவின் முன்னால் உட்கார்ந்தேன். திறக்க ஆளில்லை, திட்டவும் வேலையில்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து கதவைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். எத்தனை முறை என்று கேட்காதே.

ஊதா வெளுத்திருந்தது, முன்பைவிடக் கூடுதலாகவே. அது உன் பொடியின் வேலையா, நான் உள்ளே விட்ட வெளிச்சத்தின் வேலையா, சொல்வதற்கில்லை. பொய் சொல்லாதே என்றிருக்கிறாய். அதனால் கணக்கில் சேர்க்காமல் கீழே கொட்டிவிட்டேன்.

புட்டியில் இன்னும் ஒரு தடவைக்குப் பொடி இருக்கிறது. அதை எடுக்கப்போவதில்லை. உனக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றால், இதுதான் பதில். இன்னும் அரை மணி ஆகலட்டி.