ரிவர்ஸ் விழாத வண்டி

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள், அதனால் எழுதவில்லை. உங்கள் அறைத் தோழர் லீவு முடிந்து வியாழக்கிழமை கிளம்புகிறார், இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வது? நீங்கள் கூப்பிட்டதுமே மாமா ஸ்பீக்கரில் போடச் சொல்லி போனை மடியில் வைத்துக்கொள்கிறார். உங்கள் அப்பாவைப் பற்றி அவர் மடியில் இருக்கும் போனிலேயே எப்படிப் பேசுவேன்? மெசேஜ் அனுப்பினாலோ உங்களிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸ் மாற்றியாகிவிட்டது, வண்டி ஓடுகிறது என்று போன வாரம் சொன்னேன் இல்லையா? அது பொய் இல்லை, ஓடுகிறது. முன்னால் மட்டும் ஓடுகிறது. ரிவர்ஸ் விழவே இல்லை.

பழைய கியர்பாக்ஸ் சிக்னலில் மூன்றாவது கியரிலேயே இறுகி நின்றபோது, பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்களே தவிர ஒருவரும் இறங்கி வரவில்லை. அதை இழுத்துக்கொண்டு போய் நம் மெக்கானிக்கிடம் விட்டேன். "நாளைக்கு அண்ணன்" என்று பாப்பா அவருக்குப் பேர் வைத்திருக்கிறாள், எது கேட்டாலும் நாளைக்கு என்பதால். உள்ளே பல்லெல்லாம் தேய்ந்துவிட்டது, சரி செய்வதைவிட வேறு வண்டியில் இருந்து கழற்றிய பழசு ஒன்றைப் போடுவதுதான் நல்லது என்றார். சரி, நானே தேடினேன். ஆமாம், நானேதான். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில், நம் வண்டி மாதிரியே ஒன்று பின்பக்கம் இடிபட்டு நின்றது. முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கியர்பாக்ஸ் இன்னும் வண்டியிலேயே இருந்தது. அந்தக் கடைக்காரர் என் கண் எதிரே ஸ்டார்ட் செய்து, முன்னால் நாலடி, பின்னால் நாலடி ஓட்டிக் காட்டினார்.

உங்களிடம் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "உனக்கு என்ன தெரியும், பேசாம இரு, மொட்டை பார்த்துக் கொடுப்பான்" என்றீர்கள். உங்கள் கூட்டாளி மொட்டை எட்டு நாள் கழித்து ஒரு கியர்பாக்ஸைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார். எந்த வண்டியில் இருந்து கழற்றியது என்று கேட்டேன். "நல்ல வண்டிம்மா" என்றார். அவ்வளவுதான் பதில்.

மாட்டி முடித்ததும் மாமாவே மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், அவரைக் கேட்காமல் நகர முடியுமா? முன் சீட்டில் உட்கார்ந்து, என்னை ரோட்டில் ஒரு சுற்று ஓட்டவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கியரையும் கேட்டார். "சத்தம் சுத்தமா இருக்கு, எடுத்துக்கலாம்" என்றார். ரிவர்ஸை யாருமே போட்டுப் பார்க்கவில்லை. ஏன் தெரியுமா? அந்த ஷெட்டில் இடம் கிடையாது. எந்த வண்டியையும் ஆட்களே கையால் தள்ளித்தான் உள்ளே விடுவார்கள், வெளியே எடுப்பார்கள். நம் வண்டியையும் அப்படித்தான் தள்ளி ரோட்டில் விட்டார்கள், சுற்று முடிந்ததும் நான் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வந்து, வழக்கம்போல நம் வாசல் ஷெட்டில் சுவரைப் பார்த்து நிறுத்தினேன். அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு மாமாவுக்கு டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி என்று உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். வண்டி மெக்கானிக்கிடம் கிடந்த நாட்களில் வாடகை வண்டி காலையில் வராமல் ஏற்கெனவே இரண்டு முறை தவறிப்போயிருந்தது. அதனால் அன்று ஐந்தரைக்கே அவரை வண்டியில் ஏற்றிவிட்டேன். ரிவர்ஸ் போடுகிறேன், கடகடவென்று ஒரு சத்தம், வண்டி அசையவில்லை. மறுபடி போடுகிறேன், மறுபடியும் அதே சத்தம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த சுவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்தச் சுவர் என்ன பாவம் செய்தது?

நான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் மாமா இறங்கி, பானட்டில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார். இடது கை! ஊசி போடுவதற்கென்று ஆபரேஷன் செய்து வைத்திருக்கும் கை. அந்தக் கையால் ஒரு பை கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியாதா? நான் போட்ட கூச்சலில் தெருவே எழுந்து வந்து வண்டியை வெளியே தள்ளிவிட்டது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "ரிவர்ஸைப் பார்க்காம விட்டுட்டேனே, எனக்கு எப்பவும் பின்னால கண்டக்டர் நின்னு விசில் அடிப்பான்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் கை வீங்கி நீலம் பாரித்துவிட்டது. அதில் ஊசி போட முடியாது என்று சொல்லி, கழுத்தில் குழாய் வைத்துத்தான் அன்றைக்குச் செய்தார்கள். நர்ஸ் என்னைத்தான் திட்டினார். யாரைக் கை காட்டுவது? மொட்டையையா, நாளைக்கு அண்ணனையா, உங்களையா?

இதுவரைக்கும் உங்களுக்குக் கொஞ்சமாவது தெரியும், கை வலி என்று சொல்லியிருந்தேன். இனிமேல் எழுதுவது தெரியாது. அன்று வீட்டுக்கு வந்து அவர் சொன்னார்: "போதும்மா. இனிமே நான் வரல. உன்னை எத்தனை நாளைக்கு இப்படி அலைக்கழிக்கிறது?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். புதன்கிழமை போகவில்லை. கெஞ்சினேன், அழுதேன், பாப்பாவை விட்டுச் சொல்ல வைத்தேன். வெள்ளிக்கிழமையும் போகவில்லை. அன்று நீங்கள் கூப்பிட்டபோது அவர் கணீரென்று பேசினாரே, கேட்டு சந்தோஷப்பட்டீர்களே, அப்போது கால் இரண்டும் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது. என்னிடம் கையைக் காட்டி, சொல்லாதே என்று தடுத்துவிட்டார். சனிக்கிழமை காலையில் படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். இன்னும் இரண்டு நாள் இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் போனில் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

"உங்க மகன் வர்ற பதினாலாம் தேதி வர்றார் மாமா. வண்டியை அவரே பிரிச்சுப் பார்க்கப் போறாராம். எந்தக் கியர்ல என்ன சத்தம் வருதுன்னு நீங்கதான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லணுமாம்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர் விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்தார். பிறகு, சட்டையை எடுத்துக் கொடு என்றார். நர்ஸைக் கெஞ்சிக் கூத்தாடி அன்றைக்கே ஒரு படுக்கை வாங்கினேன். நேற்று திங்கட்கிழமையும் தானாகவே கிளம்பி நின்றார். வீக்கம் வடிந்திருக்கிறது.

இப்போது பாப்பாவின் பழைய நோட்டு ஒன்று அவர் கையில் இருக்கிறது. வண்டியில் போகும்போதெல்லாம் எழுதுகிறார். "ரெண்டாவது கியர், மேடு, லேசா முனகல். நாலாவது, பரவாயில்லை. மருமகள் கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறாள்." கடைசி வரியை அடித்துவிடச் சொன்னேன், மாட்டேன் என்கிறார். நான் வண்டியை இப்போது தெருவிலேயே நிறுத்துகிறேன். ஆஸ்பத்திரிக் காவலாளி வெளியே போகும் வழியை ஒட்டி இடம் விட்டு வைக்கிறார். திரும்ப ஷெட்டில் விட்டால் நாலு நாளாவது ஆகும் என்கிறார் நாளைக்கு அண்ணன். அவருடைய நாலு நாள் எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும். இங்கே இன்னொரு ஆள் துணைக்கு இல்லாமல் என்னால் விட முடியாது.

உங்கள் மேலதிகாரி லீவு தரமாட்டார் என்று தெரியும். வருவதை மூன்று முறை தள்ளிப் போட்டீர்கள், மூன்று முறையும் நான் சரி என்றேன். இந்த முறை சரி என்று சொல்ல என்னால் முடியவில்லை. நேற்று மாமா நர்ஸிடம் என்ன சொன்னார் தெரியுமா? "பதினாலு புதன்கிழமை. அன்னைக்கு மட்டும் மத்தியானம் வச்சுக்குங்கம்மா, காலையில என் மகனைக் கூட்டிட்டு வரணும்" என்றார். விமான நிலையத்தில் ரிவர்ஸ் எடுக்காமல் எங்கே நிறுத்தி எப்படி வெளியே வருவது என்று நோட்டில் படம் போட்டு வைத்திருக்கிறார்.

பொய் சொன்னது நான். திட்டுவதாக இருந்தால் வந்து நேரில் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு ஒரு குறையும் வராமல், நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

இதைப் படித்ததும் எப்படியும் போன் செய்வீர்கள். மாமாதான் எடுப்பார். என்னைக் கேட்காதீர்கள், அவர் உடம்பைக்கூடக் கேட்காதீர்கள். முதலில் தேதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா